கத்தரி எழுதிய நாலு சொல்

அந்த மாலைப் பத்திரிகை அலுவலகத்தில் அவளைக் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்களுக்குக் கத்தரி அக்கா. நிருபர்கள் ஒரு முழத்துக்கு எழுதிக் கொண்டுவருவதை அவள் ஒரு சாணாக்கிவிடுவாள். விஷயம் ஒன்றும் குறைந்திருக்காது. "முடி வெட்டச் சொல்லிக் குடுத்தா மொட்டை அடிச்சுத் தர்றாங்கப்பா" என்று குற்றச் செய்தி நிருபர் புலம்புவார். சாயங்காலம் அச்சில் படித்துப் பார்த்துவிட்டு, "மொட்டையும் எடுப்பாத்தான் இருக்கு" என்று அவரே ஒத்துக்கொள்வார்.

இருபது வயதில் பிழை திருத்துபவளாக உள்ளே வந்தவள். ஜன்னல் இல்லாத மூலையில், அச்சு மை வாசனைக்கு நடுவே, ஒன்பது வருஷம் அடுத்தவர்களின் ஒற்றுப் பிழைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒருநாள் செய்தி ஆசிரியர் தலைப்பு கிடைக்காமல் தவித்தபோது, கடந்துபோகிற போக்கில் மூன்று சொல் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுநாளே அவளுடைய நாற்காலி ஜன்னல் பக்கம் வந்துவிட்டது. இப்போது நாற்பத்துமூன்று வயது. வீட்டில், பள்ளி இறுதி வகுப்பில் ஒரு மகள். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காக ஒரு கணவர். "மத்த வீட்டுல எல்லாம் அரை மணி நேரம் திட்டுவாங்க. எங்க வீட்டுல நாலு வார்த்தைதான். ஆனா அந்த நாலு வார்த்தை எனக்கு உறைக்க அரை மணி நேரம் ஆகும்" என்பார் அவர்.

மாலைப் பத்திரிகைக்கு உயிர் அதன் போஸ்டரில் இருக்கிறது. கடை வாசலில் கம்பிச் சட்டத்துக்குள் தொங்குமே, அந்தத் தாள். ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் கண்ணில் குத்த வேண்டும். அதனால் நாலு சொல். ஐந்தாவது சொல் வந்தால் எழுத்து சிறுத்துவிடும். பதினொன்றே காலுக்குள் அது அச்சுக்குப் போயாக வேண்டும். அந்த நாலு சொல்லை எழுதுவது பதினான்கு வருஷமாகக் கத்தரியின் வேலை.

ஒரு செவ்வாய்க்கிழமை, பத்தே முக்காலுக்குக் குற்றச் செய்தி நிருபர் போனில் கூப்பிட்டுச் செய்தி சொன்னார். மூன்றரை மாதப் பெண் குழந்தை. திங்கட்கிழமை காலை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். செவ்வாய் விடியற்காலையில் மூச்சில்லாமல் கிடந்திருக்கிறது. என்ன காரணம் என்று இப்போது சொல்ல முடியாது, பிரேதப் பரிசோதனை முடிவு வர வேண்டும் என்கிறார் மருத்துவமனை அதிகாரி. இவ்வளவுதான் செய்தி. நிருபர் எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

கத்தரி அதை எட்டு வரியாக்கினாள். அதிகாரி சொன்னது எட்டாவது வரியில் போய் நின்றது. பிறகு போஸ்டர். பென்சிலை எடுத்தாள், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஊசி போட்ட குழந்தை சாவு.

செய்தி ஆசிரியர் மேசையைத் தட்டினார். "இதுக்குத்தான் உன்னை வெச்சிருக்கேன்" என்றார். பொய் என்று அதில் ஒரு சொல்லைக்கூட யாரும் காட்ட முடியாது. ஊசி போட்டது நிஜம். குழந்தை இறந்ததும் நிஜம். ஊசியால் இறந்தது என்று அவள் எழுதவே இல்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. ஊசிக்கும் சாவுக்கும் நடுவே பாலத்தைப் படிக்கிறவர்கள் தாங்களே போட்டுக்கொள்வார்கள் என்று இத்தனை வருஷத்துக் கைப்பழக்கத்துக்குத் தெரியும்.

அன்று நாலரை மணிக்கே பத்திரிகை தீர்ந்துவிட்டது. பஸ் நிறுத்தத்துக்கு அவள் நடந்துபோனபோது கடைக்குக் கடை அந்த நாலு சொல் தொங்கியது. ஒரு கடையின் முன்னால் இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி நின்று, உதடு அசைய அதைப் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்ததும் குழந்தையை இடுப்பிலிருந்து எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போனாள். கத்தரிக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. எழுத்து தூரத்திலிருந்தும் தெளிவாகத் தெரிகிறதா என்றுதான் பார்த்தாள். தெரிந்தது.

ஒருநாள் செய்தியோடு அது நிற்கவில்லை. மறுநாள் தொலைக்காட்சிக்காரர்கள் சுகாதார நிலையத்து வாசலில் விளக்கு போட்டுப் பேசினார்கள். வாசகர் கடிதங்கள் வந்து குவிந்தன. செய்தி ஆசிரியர் எல்லோரையும் கூப்பிட்டு, "சூடா இருக்கும்போதே விவாதம் ஆரம்பிக்கலாம். ரெண்டு பக்கமும் பேசட்டும். நாம நடுவுல நிப்போம்" என்றார். கத்தரிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஒரு பக்கம், முப்பது வருஷமாகக் குழந்தைகளைப் பார்த்துவரும் ஒரு பெண் மருத்துவர். இன்னொரு பக்கம், உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் என்று சொல்லி ஏதோ பொடி விற்கும் ஒருவர். இருவருக்கும் ஒரே அளவு இடம், ஒரே அளவு புகைப்படம். தராசின் இரண்டு தட்டும் அசையாமல் நின்றன. எந்தத் தட்டில் எதை வைத்திருக்கிறோம் என்று மட்டும் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

மருத்துவரின் கட்டுரை நீளமாக இருந்தது. கத்தரி அதை மூன்றில் ஒரு பங்காக்கினாள். வெட்டியதில் ஒரு பத்தி இப்படிப் போனது: மூன்று மாதக் குழந்தைகள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஊசி போடுகிறோம், அந்த வயதில் பிறவிக் கோளாறாலும் மற்ற நோய்களாலும் சில குழந்தைகள் இறந்துபோவது ஊசி இல்லாத காலத்திலும் உண்டு, எல்லோருக்கும் ஊசி போடும்போது, அந்தச் சாவுகளில் ஏதோ ஒன்று ஊசிக்கு மறுநாள் வந்துதான் தீரும், அடுத்து வந்தது என்பதாலேயே அதனால் வந்தது என்றாகிவிடாது, சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பாடப் புத்தகம் மாதிரி இருக்கிறது என்று அடித்துவிட்டாள். ஊசி போட்டால் காய்ச்சல் வரலாம், கை வீங்கலாம் என்று மருத்துவர் ஒளிக்காமல் எழுதியிருந்த வரிகள் மட்டும் அப்படியே நின்றன.

பத்திரிகை வந்த சாயங்காலமே மருத்துவர் போன் செய்தார்.

"நீங்கதான் என் கட்டுரையைச் சுருக்கினதா, அம்மா?"

"ஆமா, டாக்டர்."

"எலும்பை எல்லாம் உருவிட்டுச் சதையை மட்டும் விட்டிருக்கீங்க. எப்படி நிக்கும்?"

"இடம் இல்ல, டாக்டர்."

"பொடிக்காரருக்கு இருந்துதே." கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அந்தப் பேச்சு கத்தரிக்குச் செருப்பில் மாட்டிய பொடிக்கல் மாதிரி உறுத்தியது. ஆனால் கல்லை எடுக்கக் குனியவில்லை. மறுநாள் வேலை மறுநாளுக்கு வந்துவிட்டது.

அடுத்த அடி வீட்டில் விழுந்தது. அவள் கணவர்தான் சுகாதார நிலையத்தில் மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொள்பவர். ஒரு சாயங்காலம் வந்து, கை கால் கழுவிவிட்டு, அடுப்படி வாசலில் உட்கார்ந்தார்.

"மெஷின் நல்லா ஓடுது" என்றார். "போன தடவை போனப்ப பாதி காலியா இருந்துச்சு. இப்ப கதவைத் திறந்தா மேல வந்து விழும் போல இருக்கு. போட்டுக்க ஆள் வரலை. பெஞ்ச் எல்லாம் காத்தாடுது. நர்ஸம்மா ஒத்தையா உட்கார்ந்து பேரேட்டைப் புரட்டிக்கிட்டு இருந்தாங்க."

"உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"உங்க வீட்டம்மா அந்தப் பேப்பர்லதானே இருக்காங்கன்னு கேட்டாங்க. ஆமான்னேன். அதுக்கப்புறம் சர்க்கரை இல்லாம டீ வந்துச்சு." சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து நாத்தனார் போன் செய்தாள். அவளுடைய மகனுக்கு ஒன்பது மாதம். தட்டம்மைத் தடுப்பூசி போட வேண்டிய சமயம்.

"அண்ணி, நீங்களே சொல்லுங்க. போடலாமா, வேண்டாமா? நான் தள்ளிப் போட்டுட்டேன்."

"போடு. ஏன் தள்ளிப் போட்டே? நம்ம வீட்டுல ஒண்ணு விடாம போட்டிருக்கோமே!"

"அப்ப பேப்பர்ல ஏன் அப்படிப் போட்டீங்க?"

தலைப்பு என்பது அப்படித்தான், முழுச் செய்தியைப் படிக்க வேண்டும், இரண்டு தரப்பும் இருக்கிறது என்றெல்லாம் கத்தரி இழுத்தாள். நாத்தனார் பொறுமையாகக் கேட்டாள். "எனக்கு எங்க அண்ணி முழுசா படிக்க நேரம்? கடையில தொங்குறதைத்தான் படிச்சேன்" என்றாள்.

ஐந்தாவது வாரம் பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. நிருபர் அதிலிருந்து ஒன்பது வரி எழுதிக் கொண்டுவந்து கத்தரியின் மேசையில் வைத்தார். குழந்தைக்குப் பிறவியிலேயே இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய் சுருங்கியிருந்திருக்கிறது. வெளியே தெரியாத கோளாறு. இறப்புக்கு அதுதான் காரணம். ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கத்தரி அதை எடுத்துக்கொண்டு செய்தி ஆசிரியரிடம் போனாள். "முதல் பக்கம் சார். போஸ்டரும்."

அவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார். "ஆறாம் பக்கம், ஒத்தைப் பத்தி."

"அன்னைக்கு முதல் பக்கத்துல போட்டோமே சார்."

"அன்னைக்கு அது செய்தி. இன்னைக்கு இது பழசு. ஆறின கஞ்சியை யாரும்மா பெரிய தட்டுல பரிமாறுவாங்க?" கெட்ட மனிதர் இல்லை அவர். அவருக்கும் மேலே ஆள் இருந்தார்கள். நாலரை மணிக்குத் தீர வேண்டிய பிரதிகள் இருந்தன.

ஒற்றைப் பத்தியில் தலைப்பு என்றால் வரிக்குப் பத்துப் பன்னிரண்டு எழுத்துதான். "குழந்தை சாவுக்கு இதயக் கோளாறே காரணம்" என்று எழுதினாள். எழுதிய பிறகுதான், ஊசி என்ற சொல்லே அதில் இல்லை என்று கண்டாள். எந்தக் குழந்தை, எந்தச் சாவு என்று படிக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? மாற்றி மாற்றி எழுதினாள். எதுவும் அடங்கவில்லை. பதினொரு மணி ஆகிவிட்டது. அப்படியே போனது.

நிருபர் தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "அந்தப் பொண்ணுக்குத்தான் இது முதல்ல தெரியணும்" என்றார்.

"எந்தப் பொண்ணு?"

"குழந்தையோட அம்மா. அறிக்கையை வாங்கக்கூட அவங்க வீட்டுல யாரும் வரலையாம். புருஷன் கொஞ்சம் பொறுத்து ஊசி போடலாம்னு சொன்னானாம். இவதான் தூக்கிக்கிட்டுப் போயிருக்கா. இப்ப அவன் பேசுறதில்லையாம். பக்கத்துல இருக்கிறவங்களும் ஒரு மாதிரி பேசுறாங்க."

கத்தரி விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

நாலு மணிக்கு அன்றைய பத்திரிகை ஒன்றைச் சுருட்டிக்கொண்டு போனாள். கீழே சைக்கிள் கடை. பக்கவாட்டில் இரும்புப் படி. மூன்றாம் மாடியில் ஒற்றை அறை வீடு. கதவு திறந்திருந்தது. சுவர் ஓரமாகத் தையல் மெஷின், அதன் மேல் பள்ளிக்கூடப் பைகள் வெட்டுத் துணியாகவும் பாதி தைத்ததாகவும் கிடந்தன. மெஷினுக்குப் பின்னால் இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒருத்தி. மூலையில் சின்ன இரும்புத் தொட்டில், அதன் மேலும் பைத் துணி அடுக்கியிருந்தது. வேறு இடம் இல்லாமல் வைத்ததா, தொட்டில் கண்ணில் படக் கூடாதென்று வைத்ததா என்று சொல்ல முடியாது.

"யாருங்க?"

"பேப்பர் ஆபீஸ்லேர்ந்து வர்றேம்மா."

அவள் முகம் மூடிக்கொண்டது. "போட்டாதான் எடுத்துட்டீங்களே."

"போட்டா எடுக்க வரலை. டாக்டர் அறிக்கை வந்திருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கத்தரி நின்றபடியே ஆறாம் பக்கத்தைப் பிரித்து ஒன்பது வரியையும் படித்தாள். அந்தப் பெண் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். இரண்டாவது தடவை முடிந்ததும் மெஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்ப ஊசி?"

"ஊசி காரணம் இல்லம்மா. நீ போடாம இருந்திருந்தாலும் இது நடந்திருக்கும்."

"நான் தூக்கிக்கிட்டுப் போனதால இல்ல?"

"இல்ல."

அவள் பத்திரிகையை வாங்கி, தன் விரலால் அந்தச் சின்னப் பத்தியின் நீளத்தை அளந்து பார்த்தாள். கட்டை விரல் நீளம் இருந்தது. "அன்னைக்குப் பெருசா போட்டாங்களே. பொதைச்சுட்டு வந்து இந்தப் படி ஏறும்போது கீழ பக்கத்துக் கடையில தொங்குச்சு. அவர் அதைப் பார்த்துட்டு என்னைப் பார்த்தாரு. அதுக்கப்புறம் என் முகத்தைப் பார்க்கவே இல்ல. அதை எழுதினவங்க இதை ஏன் பெருசா எழுதலை?"

தெரியாது என்று சொல்லிவிட்டுப் படி இறங்கியிருக்கலாம். ஒரு நிமிஷம் கத்தரி அதைத்தான் நினைத்தாள்.

"அதை எழுதினது நான்தான்" என்றாள்.

கீழே சைக்கிள் கடையில் யாரோ சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் கம்பிகளைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. அவள் திட்டுவாள், வெளியே போகச் சொல்வாள் என்று கத்தரி காத்திருந்தாள். அவளோ எழுந்து, தொட்டிலின் மேலிருந்த அடுக்கில் தேடி, பை வெட்ட அளவு வரையும் பழுப்புக் காகிதம் ஒன்றை உருவினாள். தரையில் விரித்து நாலு மூலையிலும் நூல்கண்டு வைத்தாள். துணியில் கோடு போடும் தடித்த பென்சிலை நீட்டினாள்.

"அவருக்குச் சின்ன எழுத்து படிக்க வராது. பெரிய எழுத்தா இருந்தா கூட்டிப் படிப்பாரு. எழுதுங்க."

கத்தரி தரையில் மண்டியிட்டாள். எத்தனை வரி, எத்தனை எழுத்து என்று முதல் தடவையாக யோசிக்காமல் எழுதினாள். குழந்தைக்குப் பிறக்கும்போதே இதயக் குழாய் சுருங்கியிருந்தது. வெளியே யாருக்கும் தெரியாது. அதனால்தான் இறந்தது. ஊசியால் இல்லை.

"அம்மா மேல தப்பு இல்லைன்னும் போடுங்க" என்றாள் அவள்.

அம்மா மேல் தப்பு இல்லை என்று கத்தரி எழுதினாள். அதற்குக் காகிதத்தில் இடம் போதாமல் எழுத்து ஓரத்தில் நெருக்கிக்கொண்டு நின்றது. போகட்டும் என்று விட்டாள்.

கணவர் வரும்வரை இருக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை, போகவும் சொல்லவில்லை. கத்தரி படிக்குப் பக்கத்தில் நின்றாள். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். தோளில் துண்டோடு படியேறி வந்தார். தரையில் விரித்திருந்த காகிதத்தைப் பார்த்து நின்றார். குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, வாய்விட்டுப் படித்தார். "சுருங்கியிருந்தது" என்ற சொல்லில் மூன்று தடவை தடுக்கினார்.

"யார் எழுதினது?"

"பேப்பர்க்காரம்மா. டாக்டருங்க அறிக்கையில இருக்காம்."

"அன்னைக்கு எழுதினது?"

"அதுவும் நான்தாங்க" என்றாள் கத்தரி.

அவர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையைக் கத்தரி யாரிடமும் விவரித்ததில்லை. பிறகு, அவள் அங்கே இல்லாதது மாதிரியே மனைவியின் பக்கம் திரும்பினார்.

"பால் குடிக்கும்போதெல்லாம் வேர்த்துக் கொட்டுமே அவளுக்கு."

"ஆமா. நடுவுல நடுவுல விட்டுட்டு மூச்சு வாங்குவா."

"நான் ரூம் சூடுன்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். துண்டை நனைச்சுக் கட்டி விட்டேனே, ஞாபகம் இருக்கா?"

"ஜன்னல்ல."

"ஜன்னல்லதான்."

அவர்கள் பேசப் பேசக் கத்தரி சத்தமில்லாமல் படியிறங்கினாள். வீட்டுக்குப் போய்க் கணவரிடம், அந்தப் பார்வையைத் தவிர, எல்லாவற்றையும் சொன்னாள். நாலு சொல்லில் அல்ல. அரை மணி நேரம் ஆனது.

ஒரு வாரம் போயிருக்கும். பதினொரு மணி நெருக்கடி முடிந்த நேரத்தில், அந்தப் பெண் அலுவலகத்துக்கே வந்து நின்றாள். தைத்த பைகளைக் கடையில் கொடுத்துவிட்டு வருகிற வழியாம். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"எங்க மாடியில எதிர் அறைக்காரி குழந்தைக்கு ஊசி போட மாட்டேங்கிறா. ஏன்னு கேட்டா என் பொண்ணைச் சொல்றா. 'பார்த்தோம்ல, என்ன ஆச்சுன்னு'ங்கிறா. அந்த அறிக்கையைச் சொன்னேன். பேப்பர்ல வரலையேங்கிறா."

"வந்துதேம்மா, ஆறாம் பக்கத்துல."

"அது வந்த மாதிரியா, அக்கா?" முதல் தடவையாக அக்கா என்றாள். "மூணரை மாசம்தான் இருந்தா. இனிமே அவளைப் பத்தி ஊர்ல மிச்சம் இருக்கப் போறது இந்தப் பேச்சுதானா? என் பொண்ணைக் காட்டி நாலு பேர் பயப்படுறது எனக்குப் பிடிக்கலை. நான் சொல்றேன். என் போட்டாவையும் போட்டுக்குங்க."

கத்தரி அவளை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே அவள் கேட்க நினைத்த கேள்விகளை எல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் கிடைக்கும்வரை கத்தரி குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருத்துவர் ஒன்றும் பழையதைக் கிளறவில்லை. கிளம்பும்போது மட்டும், "இந்தத் தடவை எலும்பை விட்டுவைங்க" என்றார்.

செய்தி ஆசிரியருக்குக் கண் மின்னியது. "பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பேசுறா! இது செய்திம்மா! தாய் கண்ணீர்ப் பேட்டின்னு போஸ்டர் போடு."

"அழலையே சார், அவங்க."

"அவங்க அழாட்டி என்ன? படிக்கிறவங்க அழுவாங்க."

"அழாதவங்களை அழுததா எழுத மாட்டேன் சார்."

பதினான்கு வருஷத்தில் அவள் அவரிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "சரி, உன் இஷ்டம் போல எழுது" என்றார் அவர். இதே உண்மையை ஆறின கஞ்சி என்று தள்ளியவர், அது ஒரு தாயின் வாயிலிருந்து வந்ததும் முதல் பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கிறார். கத்தரிக்கு அது கசந்தது. ஆனாலும் கிடைத்த இடத்தை விடவில்லை. மருத்துவர் சொன்னதில் அன்று வெட்டிப்போட்ட பத்தியை, ஒரு எழுத்துக் குறைக்காமல், பேட்டிக்கு நடுவே கட்டம் கட்டி வைத்தாள். போஸ்டரில் அந்தப் பெண் சொன்னதையே போட்டாள்: என் குழந்தையைக் கொன்றது ஊசியல்ல.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆகவில்லை. விற்பனை முதல் போஸ்டர் அன்று ஆனதில் பாதிகூட இல்லை. யாரோ மிரட்டிச் சொல்ல வைத்திருக்கிறார்கள் என்று கடிதங்கள் வந்தன. பொடிக்காரர் தன் கடை வாசலில் பழைய போஸ்டரைக் கண்ணாடிக்குள் போட்டு மாட்டினார். அதே சமயம், சுகாதார நிலையத்து பெஞ்சில் மறுபடி ஆள் உட்கார ஆரம்பித்தார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு ஐந்தாறு பேர். எதிர் அறைக்காரி தன் குழந்தையோடு போனாள். நாத்தனார் மகனுக்கும் ஊசி போட்டாகிவிட்டது. ஆனால் அந்த இடைவெளியில் போடாமல் விட்டுப்போனவர்களின் தெருக்களில், அந்த வருஷக் கடைசியில் தட்டம்மை புகுந்தது. பதினொரு குழந்தைகளுக்கு. எல்லோரும் பிழைத்தார்கள். ஒரு குழந்தைக்கு மட்டும் ஒரு காது கேட்காமல் போனது. அதையும் கத்தரிதான் சுருக்கிப் போட வேண்டியிருந்தது. அன்றைக்கு அவள் சுருக்கவில்லை. வந்தது வந்தபடி அச்சுக்குப் போனது. மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

வேலையை விட்டுவிடலாமா என்று கணவரிடம் ஒருநாள் கேட்டாள். "விட்டா அந்த நாற்காலியில வேற ஒருத்தர் உட்காருவாரு" என்றார் அவர். "அவருக்கு அந்த மாடிப்படி தெரியாது." அவள் விடவில்லை. நோய், சாவு என்று வருகிற செய்தியில், காரணம் தெரியாதென்றால் அதை முதல் வரிக்குக் கொண்டுவருவாள். அதற்காக வாரம் ஒரு சண்டை. பாதிச் சண்டைகளில் தோற்றுப்போவாள். போஸ்டர் எழுதும் வேலையைச் செய்தி ஆசிரியர் கொஞ்சம் கொஞ்சமாக வேறொருவருக்கு மாற்றிவிட்டார். மனஸ்தாபம் எதுவும் இல்லாமல்தான் மாற்றினார். அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்தப் பெண்ணும் அவளும் தோழிகள் ஆகிவிடவில்லை. போய் வருகிற பழக்கம் இல்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு காலை பஸ்ஸில், தைத்த பைகள் நிறைந்த பெரிய மூட்டையோடு அவள் ஏறினாள். கத்தரி நகர்ந்து இடம் கொடுத்தாள். இரண்டு பேரும் முதலில் மூட்டை எங்கே வைப்பது என்று பேசினார்கள். பிறகு ஜிப் எல்லாம் இப்போது எவ்வளவு மட்டமாக வருகிறது என்று பேசினார்கள். முன் இருக்கையில் யாரோ ஒருவரின் கைக்குழந்தை பலமாகத் தும்மியது.

அவள் சிரித்தாள். "என் பொண்ணு தும்மினா அவளே பயந்துடுவா, அக்கா. இந்தச் சத்தம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு சுத்திச் சுத்திப் பார்ப்பா. கடைசியில என்னைப் பார்ப்பா, நான்தான் பண்ணேன்னு."

"நீ என்ன பண்ணுவே?"

"மன்னிச்சுக்கோன்னு சொல்லுவேன். அப்புறம்தான் சமாதானம் ஆவா."

இருவரும் சிரித்தார்கள். அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. கத்தரி மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். கண்டக்டர் விசில் ஊதினார்.